சாங்கியில் விமானம் மாறும் நேரத்தில்... பால்மரத் தோட்டமும் எருமைத் தெருவும்

திருச்சியிலோ சென்னையிலோ இரவு விமானம் ஏறினால், விடியும் நேரத்தில் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம். அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ நியூசிலாந்துக்கோ போகும் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். மகள் பிரசவத்துக்கும் பேரப்பிள்ளையைப் பார்க்கவும் இப்படிப் போய்வரும் தாய் தகப்பன்மார் இன்று கிராமத்துக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். விலை குறைவு என்று பிள்ளைகள் போட்டுக் கொடுப்பது பெரும்பாலும் நடுவில் நீண்ட இடைவெளி உள்ள டிக்கெட்டாகத்தான் இருக்கும். அந்த நேரம் முழுக்கப் பையை மடியில் கட்டிக்கொண்டு, கால் வீங்க நாற்காலியில் உட்கார்ந்தே கழித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

விமான நிலையத்துக்கு வெளியே, ஒரே ரயில் பாதையில், விவசாயக் குடும்பத்துக்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, தென்கிழக்கு ஆசியாவின் ரப்பர் விவசாயம் வேர்விட்ட தோட்டம். இன்னொன்று, ஒரு காலத்தில் மாடும் எருமையும் கட்டியிருந்த தெரு. இரண்டையும் பார்க்க நாலு மணி நேரம் போதும். ஆனால் விசாவும் கடிகாரமும் ஒத்துழைக்க வேண்டும்.

வெளியே போக முடியுமா?

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் சிங்கப்பூருக்குள் போக விசா வேண்டும். வழியில் இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், கனடா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய எட்டு நாடுகளில் ஒன்றின் செல்லுபடியாகும் விசாவும், அடுத்த பயணத்துக்கு உறுதி செய்யப்பட்ட டிக்கெட்டும் இருந்தால், தனி விசா இல்லாமல் 96 மணி நேரம் வரை சிங்கப்பூருக்குள் தங்க அனுமதிக்கிறார்கள். அந்த விசா இன்னும் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மின்விசா என்றால் அச்செடுத்த தாள் கையில் இருப்பது நல்லது. கைப்பேசியில் இருக்கிறது என்று நம்பிப்போய், அங்கே மின்னூட்டம் தீர்ந்து நின்றால் யாரும் உதவ முடியாது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் குடிநுழைவு அதிகாரியின் முடிவு. விதிகள் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் வாரத்தில் பிள்ளைகளை விட்டு ஒருமுறை சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வருகை அட்டை ஒன்றையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இதைச் செய்யலாம். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் எதுவானாலும் அது அரசாங்கத்தினுடையது அல்ல.

அடுத்தது பெட்டி. ஒரே டிக்கெட்டில் கடைசி ஊர்வரை பெட்டி பதிவாகியிருந்தால் கவலையில்லை. கையை வீசிக்கொண்டு வெளியே போகலாம். இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் கதையே வேறு. பெட்டியைச் சிங்கப்பூரில் எடுத்து, மறுபடியும் பதிவு செய்ய வேண்டும். காசு கட்டிப் பெட்டியை வைத்துவிட்டுப் போக நிலையத்திலேயே இடம் இருக்கிறது. மொழி தெரியாது என்பதற்காக வயதானவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அப்படிக் கேட்டவர்களை அடுத்த விமானம் வரை ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுவார்கள். நடக்கக்கூடியவர்கள் இதை யோசித்துக் கேட்க வேண்டும்.

நேரக் கணக்கு இப்படி. சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. விமானத்தை விட்டு இறங்கியதும் கைக்கடிகாரத்தை மாற்றாமல் வேறு எந்த வேலையும் செய்யக்கூடாது. வெளியே வர ஒரு மணி நேரம், போக ஒரு மணி, வர ஒரு மணி. அடுத்த விமானம் புறப்பட இரண்டரை மணி நேரத்துக்கு முன்பே நிலையத்துக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஆக ஐந்தரை மணி நேரம் இதற்கே போய்விடும். ஒன்பது, பத்து மணி நேர இடைவெளி இருந்தால் நிம்மதியாகப் பார்க்கலாம். ஏழு மணி என்றால் ஒரே இடம். ஆறு மணிக்குக் குறைவாக இருந்தால் தனியாக வெளியே போவதை மறந்துவிடலாம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேலும் 24 மணி நேரத்துக்குக் குறைவாகவும் இடைவெளி உள்ள பயணிகளுக்கு, விமான நிலையமே இரண்டரை மணி நேரச் சுற்றுலா ஒன்றைப் பேருந்தில் இலவசமாக நடத்துகிறது. நுழைவு அனுமதி கிடைக்கக்கூடியவர்கள் முன்பே பதிவு செய்து அதில் போகலாம். கட்டடங்களைப் பார்க்க அது போதும். மரத்தைப் பார்க்க ரயில்தான்.

நிலையத்துக்கு அடியிலேயே ரயில் இருக்கிறது. ஒரு நிறுத்தம் தள்ளி 'எக்ஸ்போ'. அங்கே இறங்கி, 'டவுன்டவுன்' பாதையில் புக்கிட் பாஞ்சாங் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் பிறகு மாற வேண்டியதில்லை. அதே வண்டி லிட்டில் இந்தியாவுக்கும் போகிறது. அதைத் தாண்டி மூன்றாவது நிறுத்தமான தாவரவியல் பூங்காவுக்கும் போகிறது. வங்கி அட்டையையே தட்டி உள்ளே போகலாம். அந்த அட்டை வெளிநாட்டில் வேலை செய்யும்படி ஊரிலேயே வங்கியில் சொல்லி வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். ஒரே அட்டையைத் தட்டி இரண்டு பேர் போக முடியாது. தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. விமான நிலையத்திலும் ரயில் நிலையங்களிலும் தமிழ் எழுத்து கண்ணில் படுவது முதல்முறை போகிறவர்களுக்குப் பெரிய தெம்பு.

தூரத்தில் உள்ளதை முதலில் முடிப்பது நல்லது. வெயில் ஏறுவதற்குள் தோட்டம். திரும்பும் வழியில் சாப்பாட்டு நேரத்துக்கு லிட்டில் இந்தியா.

பால்மரம் வேர்விட்ட இடம்

சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859இல் தொடங்கியது. பரப்பு 82 ஹெக்டேர், அதாவது இருநூறு ஏக்கருக்குச் சற்று அதிகம். காலை 5 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. 2015இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பூங்காவுக்குள்ளேயே சுமார் 15 ஏக்கரில் பழங்காலத்து மழைக்காடு ஒன்றை வெட்டாமல் விட்டு வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பயணிகள் இங்கே ஆர்க்கிட் மலர்த் தோட்டத்தைத் தேடிப் போகிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம். நேரம் குறைவாக உள்ள விவசாயி அதை விட்டுவிடலாம். ரயில் நிலையத்தை ஒட்டிய வாசல் பக்கமே பயன்தரும் பயிர்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது. வாசனைப் பயிர்கள், பழமரங்கள், மூலிகைகள், தடிமரங்கள் என்று வகை வகையாக நட்டிருக்கிறார்கள். பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கத்துக்காரர்களுக்கு ரப்பர் மரம் புதிதல்ல. தஞ்சாவூர்க்காரரும் இராமநாதபுரத்துக்காரரும் முதல்முறை பார்ப்பார்கள். இலை மூன்று மூன்றாக இருக்கும். விதை, பெரிய ஆமணக்கு முத்தைப் போலப் புள்ளி போட்டிருக்கும். ஆமணக்கு, மரவள்ளி, ரப்பர் மூன்றும் ஒரே தாவரக் குடும்பம்.

இந்த மரத்தின் சொந்த ஊர் பிரேசில் நாட்டு அமேசான் காடு. ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் 1876இல் அங்கிருந்து 70,000 விதைகளைக் கப்பலில் லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தது 2,700 அளவில்தான். நூற்றுக்கு நாலு. ரப்பர் விதை எண்ணெய்ப் பசை நிறைந்தது; சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். இன்று விதைப் பரிசோதனை நிலையத்துக்கு அப்படி ஒரு மாதிரி வந்தால் தேறாத விதை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். முளைத்த கன்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் பாதி இந்தத் தோட்டத்தில் நடப்பட்டன.

மரம் வளர்ந்தது; விவசாயிகள் சீண்டவில்லை. அன்றைய மலாயாத் தோட்டக்காரர்களுக்குக் காப்பிதான் பயிர். பால்மரம் நட்டால் ஆறேழு வருடம் காத்திருக்க வேண்டும். காத்திருந்தாலும், பால் எடுக்க அமேசான் காட்டில் செய்வதுபோல மரத்தைக் கொத்திக் காயப்படுத்த வேண்டும், மரம் நலிந்துவிடும். 1888இல் இந்தத் தோட்டத்துக்கு இயக்குநராக வந்த ஹென்றி ரிட்லி இந்த இடத்தில்தான் வேலை செய்தார். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள வளர்திசுவைத் தொடாமல், மேல்பட்டையைச் சாய்வாக மெல்லியதாகச் சீவி, அதே கீறலை மறுபடியும் மறுபடியும் திறந்து பால் எடுக்கும் முறையை 1890களில் வகுத்தார். நம்மூர்ப் பனையேறி தினம் தினம் பாளையை மெல்லச் சீவி விடுவாரே, அதே பக்குவம்தான். சீவிய பட்டை திரும்ப வளர்ந்துவிடும். மரம் பல ஆண்டு பால் கொடுக்கும். இன்றைக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் விடிவதற்கு முன்னால் கத்தியோடு பால் வெட்டப் போகிறவர் செய்வது இதே வேலையின் தொடர்ச்சி.

முறை கிடைத்தும் ஆள் கிடைக்கவில்லை. பார்க்கும் தோட்டக்காரர் கையிலெல்லாம் ரிட்லி விதையைத் திணித்தார். வாங்க மறுத்தவர்களின் சட்டைப் பையிலும் போட்டு அனுப்பினார் என்று சொல்வார்கள். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். விரிவாக்கப் பணியில் இருப்பவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வராது. மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் என்ற சீனத் தோட்டக்காரர்தான் 1896இல் துணிந்து 40 ஏக்கரில் நட்டார். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து மலாயாக் காப்பி விலை விழுந்தது. பிறகு மோட்டார் கார் வந்தது. டயருக்கு ரப்பர் வேண்டும். ஒரு காலத்தில் சீண்டாத விதைக்கு வரிசையில் நின்றார்கள். 1917க்குள் இந்தத் தோட்டத்திலிருந்து 70 லட்சம் விதைகள் வெளியே போயிருந்தன. 1920 வாக்கில் உலக ரப்பரில் பாதி மலாயாவிலிருந்து வந்தது. ரிட்லி இதையெல்லாம் பார்த்துவிட்டு, நூறு வயதைத் தாண்டி 1956இல் காலமானார்.

கன்று வந்துவிட்டது, முறையும் வந்துவிட்டது, காட்டையும் அழித்தாகிவிட்டது. பால் வெட்ட ஆள்? அந்த ஆட்கள் பெரும்பாலும் தமிழர்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். கங்காணி ஊருக்கு வந்து, முன்பணம் கொடுத்து, சொந்தக்காரர்களையும் சாதிசனத்தையும் சேர்த்து அழைத்துப் போனார். மழை பொய்த்த வருடத்தில் கங்காணிக்கு ஆள் சுலபமாகக் கிடைத்தது. ரஜுலா கப்பலில் போய்வந்த கதை இன்றும் டெல்டாவிலும் சிவகங்கைப் பக்கமும் வீடுகளில் பேசப்படுகிறது. 'மலாயாவுக்குப் போனவர்' என்று சொல்லி நிறுத்திவிடும் தாத்தா ஒருவர் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அவர் விடியற்காலை இருட்டில், அட்டைக்கடியோடு, முதுகு வளைத்துச் சீவிய மரத்தின் வம்சம் இங்கேதான் முதலில் வேர்பிடித்தது. ரப்பருக்கும் பூங்காவின் மற்ற பழங்கதைகளுக்கும் ஹோல்ட்டம் ஹால் என்ற பழைய கட்டடத்தில் ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது. கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மரத்தடி பெஞ்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கீழே கிடக்கும் விதையைப் பார்த்ததும் விவசாயிக்குக் கை தானாக நீளும். எடுக்கக்கூடாது. பூங்காவிலிருந்து இலை, விதை எதையும் எடுப்பது அங்கே குற்றம்.

எருமைத் தெரு

திரும்பும் வழியில் லிட்டில் இந்தியா நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்தால் தேக்கா சந்தை. சீன மொழி வழக்கில் 'சிறு மூங்கிலின் அடி' என்ற பொருளில் வந்த பெயர். மலாய்க்காரர்கள் இந்த வட்டாரத்தைக் 'கண்டாங் கெர்பாவ்' என்றார்கள். எருமைத் தொழுவம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் இது சதுப்பு நிலம். தண்ணீர் உண்டு, புல் உண்டு. மாடு வளர்க்கவும் விற்கவும் வந்தவர்களைச் சுற்றித்தான் இந்தியர் குடியிருப்பு பெருகியது. தொழுவம் போய் நூறு வருடம் ஆகப்போகிறது. சந்தைக்குப் பக்கத்துத் தெருவின் பெயர் இன்னும் 'பஃபலோ ரோடு'. அதற்கு அடுத்தது 'கெர்பாவ் ரோடு'. அதுவும் எருமைதான், மலாயில். அருகில் உள்ள கே.கே. மருத்துவமனையின் பெயரில் உள்ள இரண்டு எழுத்தும் அதே தொழுவத்தைத்தான் குறிக்கின்றன. 1966இல் ஒரே வருடத்தில் அங்கே 39,000 குழந்தைகளுக்கு மேல் பிறந்தன.

தெருவில் வாழை இலைக் கட்டு, முருங்கை, தேங்காய், கத்திரி, பூக்கட்டும் ஆட்கள் என்று பார்க்கும்போது கும்பகோணம் கடைத்தெருவா என்று தோன்றும். வியாபாரம் என்ற கண்ணோடு நின்று பார்த்தால் வேறு விஷயங்கள் தெரியும். இந்த நாட்டின் மொத்தப் பரப்பு 735 சதுர கிலோமீட்டர் அளவில்தான். சென்னை மாநகராட்சியைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. விவசாயத்துக்கு ஒரு சதவீதம் அளவுக்குத்தான் நிலம். சாப்பாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இறக்குமதி. 2030க்குள் 30 சதவீத உணவுத் தேவையைத் தாங்களே விளைவிப்பது என்று 2019இல் இலக்கு வைத்தார்கள். பணத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் குறைவில்லாத நாடு. அப்படியும் அந்த இலக்கை 2025இல் மாற்றி, 2035க்குத் தள்ளி வேறு கணக்காக வைத்துக்கொண்டார்கள். அடுக்கு விவசாயம், விளக்கு வெளிச்சத்தில் கீரை என்று நம்மூரில் விற்க வருகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

தேக்காவில் முருங்கைக்காய் விலையைப் பார்த்து ரூபாய்க்கு மாற்றிக் கணக்குப் போட்டு, ஊரில் நமக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டு மனம் நோக வேண்டியதில்லை. விமானச் சரக்குக் கட்டணம், கடை வாடகை, வழியில் வீணானது எல்லாம் அந்த விலைக்குள் இருக்கிறது. பார்க்க வேண்டியது தரம் பிரித்திருக்கும் விதம். காய் ஒரே நீளம், ஒரே பருமன், காம்பு ஒரே அளவு. வாடியது தனியாகக் கிடக்கும். அதைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வந்து ஊரில் உழவர் உற்பத்தியாளர் குழுக் கூட்டத்தில் காட்டினால் ஒரு மணி நேரப் பேச்சு மிச்சம். படம் எடுக்குமுன் கடைக்காரரைக் கேட்டுவிடுவது மரியாதை, தமிழிலேயே கேட்கலாம்.

சந்தைக் கட்டடத்தின் கீழ்த்தளத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். தோசை, பிரியாணி, இடியாப்பம் எல்லாம் உண்டு. சுற்றியுள்ள உணவகங்களைவிட மலிவு. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். சிராங்கூன் சாலையில் சற்று நடந்தால் வீரமாகாளியம்மன் கோவில். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்குள் போய்விட வேண்டும். குப்பை போட்டாலும் எச்சில் துப்பினாலும் அபராதம். வாய்ப்புகையிலை, குட்கா அங்கே தடை செய்யப்பட்ட பொருள்; பையில் இருப்பதே தவறு. பிரசவ மருந்துக்கென்று கசகசா கொண்டுபோகிறவர்கள் உண்டு. அதுவும் வேண்டவே வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது.

பையில் என்ன இருக்கிறது?

தேக்காவில் கறிவேப்பிலையையும் வெற்றிலையையும் பார்த்ததும் மகளுக்கு ஒரு கட்டு வாங்கிக்கொள்ளத் தோன்றும். ஆஸ்திரேலியா போகிறவர்கள் அந்த ஆசையை அடக்க வேண்டும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதில் தங்கும் ஒரு சிறு பூச்சி, ஆசிய சிட்ரஸ் சைலிட், எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பசுமை நோயைப் பரப்பும். அந்த நோய் இன்னும் நுழையாத நாடு ஆஸ்திரேலியா. ஒரு கொத்து இலையில் ஒட்டிய முட்டை போதும், ஒரு மாவட்டத்துத் தோப்பு போக.

அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பயறு, மல்லி விதை, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றையும் பயணிகள் பெட்டியில் அனுமதிப்பதில்லை. காரணம் காப்ரா வண்டு. நம் கிடங்குகளில் கோதுமையையும் கடலையையும் உமியாக்கிவிடும் அதே வண்டு. கோமாரி உள்ள நாட்டிலிருந்து வருவதால் பால் இனிப்புகளுக்கும் சிக்கல் உண்டு. வீட்டில் நட என்று முடிந்து வைத்த கீரை விதை, அவரை விதை எதுவும் கூடாது.

சும்மா பயமுறுத்த வைத்த விதிகள் அல்ல இவை. ரப்பர் மரம் அமேசானில் தோட்டப் பயிராக வளராததற்குக் காரணமே அங்குள்ள இலைக்கருகல் பூசணம்தான். ஆசியாவுக்கு வந்தது விதையும் கன்றும் மட்டும். அந்தப் பூசணம் கூடவே வரவில்லை. வந்திருந்தால் மலாயாவில் பால்மரக் காடே இருந்திருக்காது. ரிட்லி காலத்தில் சட்டைப் பையில் விதை போட்டு அனுப்பினார்கள். இன்று அப்படிப் போட்டால் வாசலிலேயே பிடிப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் இறங்குமுன் கொடுக்கும் பயணி அட்டையில், உணவு, விதை, செடி, விலங்குப் பொருள் இருக்கிறதா என்று கேட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்று குறிப்பதே பாதுகாப்பு. சொல்லிவிட்டால் பார்ப்பார்கள், ஆகாததை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிடுவார்கள். 'இல்லை' என்று குறித்துப் பெட்டியில் இருந்துவிட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர், விசாவும் ரத்தாகலாம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள், பெட்டியில் உள்ள பொருட்களின் பட்டியலை மகளிடமோ மகனிடமோ ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக் கையில் வைத்திருந்தால் அதிகாரியிடம் நீட்டிவிடலாம்.

சாங்கிக்குத் திரும்பும் வழியும் அதே பாதைதான். எக்ஸ்போவில் இறங்கி மாற வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. நேரம் மிச்சமிருந்தால் 'ஜுவல்' என்ற கண்ணாடிக் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைப் பார்க்கலாம். சேமித்த மழைநீரைச் சுற்றிவிடுகிறார்கள். குடிநுழைவைத் தாண்டி உள்ளே போவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். அது வெளிப்பக்கம் இருக்கிறது. வெளியே போக அனுமதி கிடைக்காதவர்களுக்கு உள்ளேயே மூன்றாவது முனையத்தில் பட்டாம்பூச்சித் தோட்டம், இரண்டாவது முனையத்தின் மாடியில் சூரியகாந்தித் தோட்டம், முதல் முனையத்தில் கள்ளிச்செடித் தோட்டம். மூன்றும் இலவசம்.

முதல் மூன்று முனையங்களில் கைப்பைச் சோதனை விமானம் ஏறும் வாசலில்தான் நடக்கும். வரிசையில் நிற்கும்போதே தண்ணீர்ப் புட்டியைக் காலி செய்துவிட வேண்டும்.